கருப்பட்டிக்கு வெள்ளரிக்காய்

வைட்ஃபீல்டில் என் மகள் குடியிருக்கும் ஃபிளாட்டில் போன மாதம் ஒரு மீன்தொட்டி வந்து இறங்கியது. கூடவே ஒரு டப்பா. டப்பாவின் மேல் சக்கர் மீன் படம் போட்டிருந்தது. “இது அடியில மேயற மீனுக்குன்னே வர்ற தீனிம்மா. வில்லை வில்லையா இருக்கும். போட்டா நேரா கீழ போயிடும்” என்றாள். நான் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். “என்னம்மா ஆச்சு?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் வயதுக்காரர்களிடம் சொன்னாலாவது பாதி விளங்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் காலத்து மீன்தொட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு பக்கமும் இரும்புச் சட்டம், மூலையெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்த கண்ணாடி, மேலே தகர மூடி, மூடிக்குள் ஒரு குண்டு பல்பு. எங்கேயாவது ஒரு மூலையில் கசிந்துகொண்டேதான் இருக்கும். கசிகிற இடத்தில் துணியைச் சுருட்டி வைத்திருப்போம். மோட்டார் ஓயாமல் ங்ஙொய் என்று கத்தும். தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் ரப்பர் டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய் நிறைய மீன் தண்ணீர்தான். அந்த ருசி இப்போது நினைத்தாலும் நாக்கில் வருகிறது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு ஒரு வட்டாரத்துக்குள் இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அங்கே வட்டாரம் என்றால் அதுதான். அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் மாமா. மாமா அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். அம்மாவுக்கு அவர் தம்பி இல்லை, மூத்த பிள்ளை. அவர் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மீன்தொட்டி அவருடைய பைத்தியம்.

எனக்கு மாமா என்றால் உயிர். மறைத்து என்ன? வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேசின ஒரே பெரிய மனிதர் அவர்தான். அப்பாவுக்குப் பேப்பர் போதும். அம்மாவுக்கு வேலை சரியாக இருக்கும். மாமா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்துவார். நானும் பக்கத்தில் குந்துவேன். இதைப் பார்த்துவிட்டு வட்டாரத்துப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம், நீங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. “என்னடி, உன் மாப்ள வந்தாச்சா?” “மாமன் பொண்டாட்டி, இங்க வா!” பத்து வயதுகூட ஆகாத பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? தாய்மாமன் என்றால் உரிமைக்காரன், அதனால் இந்தக் கேலி என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கேலி பின்னால் என் வாயையே அடைக்கும் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்?

ஒருநாள் சிவாஜிநகர் மார்க்கெட் பக்கம் இருந்த மீன் கடைக்கு மாமா என்னைக் கூட்டிப்போனார். எங்கள் தொட்டிக் கண்ணாடியில் பச்சை படிந்து தங்கமீன்களே தெரியவில்லை. கடைக்காரர் ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார். பையின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கருப்பு மீன் வாயால் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

“இது பாருங்க சாப், சக்கர். தொட்டில உள்ள கச்சரா, அழுக்கு எல்லாம் இதே சாப்ட்டுடும். தனியா தீனி ஒண்ணும் வேணாம். பேஃபிக்கரா, கவலையே இல்லாம வளத்துங்க” என்றார்.

கூடவே சுண்டுவிரல் அளவில் மீசை வைத்த குட்டி மீன்கள் சிலவற்றையும் வாங்கினோம். அவையும் அடியில் மேய்கிற ஜாதிதான். பஸ்ஸில் பையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் மிதக்க விட்டுத் தண்ணீர் பழகட்டும் என்று காத்திருந்தோம். மாமா முடிச்சை அவிழ்க்கும்போது சொன்னார்: “இந்தக் கருப்பு மீன் உன்னுது பாப்பா. நீதான் இதுக்கு ஓனரு. பேர் வெய்யி.” நான் கருப்பட்டி என்று பேர் வைத்தேன்.

மீசை மீன்கள் கூழாங்கல்லுக்குள் மூக்கை விட்டு நோண்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். எனக்குச் சிரிப்பாக வரும். கருப்பட்டி அப்படியில்லை, அழுத்தமான பேர்வழி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து ஓர் ஓரத்திலிருந்து சுத்தம் பண்ணிக்கொண்டு போகும். சில வாரத்தில் கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது. வட்டாரமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். முன்கண்ணாடியில் அது ஒட்டும்போது அதன் வயிறு நமக்கு நேராகத் தெரியும். வந்த புதிதில் வயிறு உருண்டையாக இருந்தது. கண்ணாடி சுத்தமாக ஆக ஆக அந்த வயிறு உள்ளே போயிற்று. பச்சையெல்லாம் தீர்ந்துபோனால் அது எதைத் தின்னும்? “மாமா, இது பட்டினி கிடக்குது” என்றேன். “அப்படியா சொல்ற?” என்று அவரும் குனிந்து பார்த்தார்.

அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவர்தான். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வெள்ளரிக்காய் தின்றுகொண்டே தங்கமீனுக்குத் தீனி போட்டார். கையிலிருந்து ஒரு வில்லை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. எடுக்கலாம் என்று கையை விடுவதற்குள் கருப்பட்டி கண்ணாடியை விட்டுவிட்டு வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. மாமா கையைத் தொட்டிக்குள் விட்டபடியே கத்தினார்: “ஏய் பாப்பா, இங்க பாருடி! நம்ம கருப்பட்டி வெள்ளரிக்கா துன்னுது!”

அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேரின் வேலை. மாமா வில்லையாக நறுக்கித் தருவார். நான் அதில் நூலைக் கோத்து ஒரு கல்லில் கட்டி அடியில் இறக்குவேன். பல்பை அணைத்துவிட்டால் உடனே வரும். நடுவில் விதையிருக்கும் பகுதியை முதலில் தின்னும். கடைசியில் தோல் மட்டும் வளையல் மாதிரி கிடக்கும். மறக்காமல் அதை எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும். கருப்பட்டியின் வயிறு திரும்ப உருண்டையானது. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் அமைந்தது. பிரேசர் டவுனில் பலகாலமாக இருக்கும் குடும்பம். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அம்மா அன்று வீட்டைக் கழுவின கழுவலில் சுவரே தேய்ந்திருக்கும். வந்தவர்களில் பெண்ணின் அம்மாதான் தலைவி. கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் கண் தொட்டியில்தான் விழுந்தது.

“அய்யோ, எவ்ளோ க்ளீனா இருக்குது! தினமும் தொடைக்கிறீங்களா?”

மாமா எழுந்து நின்றார். புதுச் சட்டை, புது முகம். “தொடைக்கிறதே இல்லீங்க. இந்தக் கருப்பு மீன் இருக்குது பாருங்க, எல்லா அழுக்கையும் இதே தின்னுடும். இதுக்குன்னு ஒரு பருக்கை போட வேணாம்.”

“சோறும் கேக்காது, வீட்டையும் சுத்தமா வெச்சுக்கும். நல்ல மருமவ மாதிரின்னு சொல்லுங்க!” என்றார் பெண்ணின் அம்மா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் நான் சமையலறை வாசலில் கையில் வெள்ளரி வில்லையோடு நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். கண்ணாலேயே ‘உள்ளே போ’ என்றார். நானும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனேன். விருந்தாளி முன்னால் விளையாடக் கூடாது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நம் வீட்டு ஆள் பொய் சொல்கிறார் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

கல்யாணம் நிச்சயமானது. மாமா தனிக்குடித்தனம் போவது, பிரேசர் டவுனில் மாமனார் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, தொட்டியும் அங்கே போவது என்றெல்லாம் பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா அந்தத் தொட்டியை ஆசையாகக் கேட்டாராம். தள்ளுவண்டியில் ஏற்றுகிற அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“கருப்பட்டி என்னுதுன்னு சொன்ன இல்ல மாமா?”

“உன்னுதுதான் கண்ணு. அங்க இருந்தா என்ன? எப்ப வேணா வந்து பாரு” என்று கன்னத்தைத் தட்டினார்.

நான் அழுதேன். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உடனே வட்டாரத்துக்கு வேடிக்கை கிடைத்துவிட்டது. “பாவம்டி, மாமன் வேற பொண்ணைக் கட்டிக்கிறான்னு பொண்ணுக்குத் தாங்கல!” நான் இல்லை இல்லை என்று கத்தக் கத்தச் சிரிப்பு அதிகமானது. கல்யாண மண்டபத்திலும் அதே பேச்சு. மேடையில் நான் மாமா காதருகில் போய், “வெள்ளரிக்கா மறக்காம போடு மாமா” என்றேன். போட்டோ பிடிக்கிறவர்வரைக்கும் சிரித்தார்: “மாப்ள, பழைய பொண்டாட்டி ரகசியம் சொல்லுது பாருங்க!” புது அத்தை சிரிக்கவில்லை. குனிந்த தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவளுக்கும் இருபது வயதுதான் இருக்கும். இந்தக் கேலியை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது புரிகிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்குடித்தனத்தில் எங்களுக்கு விருந்து. நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினேன். கண்ணாடியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கருப்பட்டி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வயிறு குழி விழுந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே இருந்தது, ஒன்றுமில்லாத கண்ணாடியில்.

“தொடைக்கவே இல்ல அண்ணி, எல்லாம் அதுவே பண்ணிடுது” என்று புது அத்தை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். அவளுடைய அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, வெள்ளரிக்கா போடலியா?” என்றேன்.

“வெள்ளரிக்காயா? மீனுக்கா?” என்று அத்தை சிரித்தாள்.

“இவ சும்மா விளையாடுவா. காய்கறி போட்டா தண்ணி கெட்டுடும். அது அழுக்கு துன்ற மீனு” என்றார் மாமா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“நீதானே மாமா முதல்ல போட்ட? நீதானே நறுக்கிக் குடுப்ப?”

“நானா? எப்போ?”

இந்த வயதுக்குள் எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். வேலை பார்த்த இடத்தில், சொந்தபந்தத்தில், எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இந்த இரண்டு வார்த்தையைப் போல எதுவும் என்னை அடித்ததில்லை. அவருடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது.

நான் விடவில்லை. நேரே சமையலறைக்குப் போனேன். பருப்பும் காயும் கலக்கிற கோசம்பரிக்கு நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காயில் ஒரு வில்லையை எடுத்துவந்து தொட்டியில் போட்டேன். அத்தை, “ஐயய்யோ, தண்ணிய கெடுக்கிறா!” என்று டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் கருப்பட்டி வந்துவிட்டது. அத்தை வடிகட்டியால் வில்லையை அள்ளினாள். வில்லையோடு கருப்பட்டியும் வந்தது. பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே வந்தும் அது வாயை எடுக்கவில்லை.

“பாருங்க! பாருங்க! துன்னுது பாருங்க!” என்று நான் குதித்தேன். எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். இனிமேல் யாரும் என்னைப் பொய் சொல்கிறேன் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

மாமா வந்து வடிகட்டியை வாங்கினார். ஒரு உதறு உதறினார். கருப்பட்டி தண்ணீரில் விழுந்தது. “பயந்துபோய் ஒட்டிக்கிச்சு. ஒட்டறதுதானே அதுக்கு வேலை” என்றார். வில்லையைச் சன்னல் வழியாக வெளியே போட்டார்.

நான் ஓவென்று அழுதேன். அம்மா என்னைத் தரதரவென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அத்தையின் அம்மாவிடம் சங்கடமாகச் சிரித்தாள். “மாமா மேல ரொம்பப் பாசம். அதான், மனசு கேக்கல அவளுக்கு” என்றாள். வட்டாரம் சொன்ன அதே பேச்சைத்தான் அம்மாவும் சொன்னாள். எங்கள் வீட்டில் எத்தனை நாள் என் கையிலிருந்து வெள்ளரித்தோலை வாங்கிக் குப்பையில் போட்டவள் அவள்! அத்தையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆய்த்து, போகட்டும் விடுங்க, சின்னப் பொண்ணு” என்றார். சொன்ன விதம் நன்றாக இல்லை.

மாமா ஏன் அப்படிச் செய்தார் என்று இப்போது எனக்குத் தெரியாமல் இல்லை. மாமியார் முன்னால் ஒரு தடவை பெருமையடித்துவிட்டார். அதைத் திரும்ப வாங்க வெட்கம். ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ‘நான் சொன்னது தப்பு, அதுவும் சாப்பிடும்’ என்று ஒரு வார்த்தை. அது அவருக்கு வரவில்லை. புரிந்துகொண்டதால் கோபம் தணிந்ததா என்று கேட்டால், இல்லை.

கொஞ்ச நாளில் தொட்டி மீன் எல்லாம் செத்துப்போனது. அத்தைதான் வந்து சொன்னாள். கருப்பட்டி முன்னமேயே கண்ணில் படவில்லையாம், எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்து, மீசை மீன்கள், தங்கமீன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்த பிறகு கல்லை எடுத்துப் பார்த்தால் அடியில் கருப்பட்டி அழுகிக் கிடந்ததாம். செத்ததைப் பார்க்காமல் விட்டதால் மற்றதெல்லாம் போயிற்று. இது நமக்கு விளங்குகிற கணக்கு. அவர்களுக்கு வேறு கணக்கு.

“புதுசா குடித்தனம் வெச்ச வீட்டுல மொத்தமா செத்து மிதந்தா அது நல்லதுக்கா?” என்றார் கூட வந்திருந்த அத்தையின் அம்மா. “யாரோ வயிறெரிஞ்சு பாத்திருக்காங்க. நான் யாரையும் சொல்லல.” சொல்லிவிட்டு அம்மாவோடு சமையலறைக்குள் போனார். மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு, “போய் ஒரு சொம்பு தண்ணி புடிச்சுட்டு வா” என்றாள். குழாயடி மண் எப்போதும் ஈரமாக இருக்கும். நான் சொம்பை நிறைத்துக்கொண்டு திரும்பினேன். அம்மா எனக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். குனிந்து, நான் மிதித்து வந்த இடத்தில் மூன்று விரலால் மண்ணை எடுத்தாள். யார் கண் பட்டது என்று சந்தேகமோ அவர்கள் காலடி மண்ணைச் சேர்த்துத்தான் திருஷ்டி சுற்றுவார்கள். வட்டாரத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் பார்த்துவிட்டேன் என்பது அம்மாவுக்கும் தெரிந்தது. மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு, “தண்ணி சிந்தாம போ” என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமாவையும் அத்தையையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். அம்மா உப்பு, மிளகாய், கடுகு, அந்த மண் எல்லாவற்றையும் கைக்குள் வைத்துச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று முணுமுணுத்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். கரி அடுப்பு தயாராக இருந்தது.

அத்தையின் அம்மா எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: “பாத்துக்கோங்க, திருஷ்டி இருந்தா மொளகா நெடியே வராது. இல்லேன்னாதான் நெடி வரும். இப்பப் பாருங்க, ஒருத்தருக்கும் தும்மல்கூட வராது.”

அம்மா அதை நெருப்பில் போட்டாள்.

உப்பு வெடித்தது. மிளகாய் கருகியது. முதலில் அப்பா இருமினார். அப்புறம் அத்தை. அத்தையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மத் தொடங்கினார், நிறுத்தவே முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. நெடி வந்துவிட்டதே! அவர்களே சொன்ன விதிதானே! யாராவது என்னைத் திரும்பிப் பார்த்து, அப்போ இவள் இல்லை என்று சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மாமா இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மொளகா புதுசு போலக்கா. அதான் திருஷ்டி இருந்தும் நெடி வருது” என்றார்.

அது டப்பாவின் அடியில் கிடந்த பழைய மிளகாய். வண்டு வைத்திருக்கிறது, தூர எறிய வேண்டும் என்று அன்று காலையில்தான் அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“ஆமாண்டா தம்பி. புது மொளகாதான்.”